பூசும் மருந்துக்கும் அளவு உண்டு

(சொரியாசிஸ் என்னும் தோல் நோயைப் பற்றிப் பேராக் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் வீட்டுப் பிரச்சினையும் பேச வேண்டிய மேடையில், தோல் நோயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன் சிலர் முகத்தில் வியப்புத் தெரிகிறது. சங்கத்துக்கும் சொறி படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு, தோழர்களே. தொழிலாளிக்குக் கையும் காலும்தான் மூலதனம். உள்ளங்கை வெடித்து இரத்தம் கசிந்தால் பால்வெட்டுக் கத்தியை எப்படிப் பிடிப்பது? முழங்கையில் வெள்ளைச் செதில் உதிர்வதைக் கண்டு பக்கத்தில் நிற்பவன் விலகிப் போனால், அந்த மனிதன் எந்த முகத்தோடு பெரட்டுக்கு வருவான்? நோய் உடம்பைத் தின்கிறது. அறியாமை பிழைப்பைத் தின்கிறது. ஆகையால் இது சங்கத்தின் விஷயமே.

சொரியாசிஸ் நோய்க்கு டாக்டர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டுப் பூசுமருந்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. “அது விஷம், தோலை அரித்துவிடும், கையால் தொடாதே” என்கிறது ஒரு கட்சி. “அது அமிர்தம், இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், எதற்கு வேண்டுமானாலும் பூசு” என்கிறது மற்றொரு கட்சி. முதற் கட்சியின் பேச்சைக் கேட்டவன் நல்ல மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு அவதிப்படுகிறான். இரண்டாம் கட்சியின் பேச்சைக் கேட்டவன் அதே மருந்தால் புதிய நோயைத் தேடிக்கொள்கிறான். அளவறிந்து, இடமறிந்து, காலமறிந்து பூசினால் அது நல்ல மருந்து. இம்மூன்றையும் மறந்தால் கெடுதல். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இது என்ன நோய்?

நம் தோலின் மேற்பகுதி ஓயாமல் தேய்ந்து, கீழிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படிப் புதுத் தோல் மேலே வந்து சேரச் சாதாரணமாக ஒரு மாத காலம் பிடிக்கும். சொரியாசிஸ் உள்ளவருக்கோ சில நாட்களிலேயே அது நடந்துவிடுகிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழி தவறித் தன் தோலையே தூண்டிவிடுவதுதான் காரணம். பழைய தோல் உதிருமுன் புதுத் தோல் வந்து குவிகிறது. அதனால் தடித்த திட்டும் அதன்மேல் வெள்ளிபோன்ற செதிலும் உண்டாகின்றன. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகியவை அது விரும்பும் இடங்கள். சித்த வைத்தியர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

படங்களில் இந்தத் திட்டுகள் சிவப்பாக இருக்கும். நம்மைப் போன்ற கறுத்த மேனியில் அவை ஊதாவாகவோ, பழுப்பாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தெரியலாம். “சிவப்பாக இல்லை, ஆகவே அந்த நோய் இல்லை” என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

இது ஒட்டுநோய் அன்று. கை குலுக்கினாலோ, ஒரே தட்டில் உண்டாலோ, ஒரே பாயில் படுத்தாலோ ஒட்டாது. ஆனால் நம் பெரியவர்கள் நினைவில் சுங்கை பூலோ இன்னும் இருக்கிறது. 1930ஆம் ஆண்டு அங்கே பெருநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவர்களைக் குடும்பத்தைவிட்டுப் பிரித்து அனுப்பிய அந்தக் காலத்தின் பயம், இன்றும் எந்தத் திட்டைக் கண்டாலும் தலைதூக்குகிறது. பெருநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்துப் போகும். சொரியாசிஸ் திட்டில் அரிப்பும் எரிச்சலும் இருக்கும். பெருநோயும் இன்று மாத்திரையால் குணமாகும் நோயே. அதற்காகவும் யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார மகாசபை 2014ஆம் ஆண்டு மே மாதம் இந்நோயைப் பற்றி ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. தொற்றாதது, நாட்பட்டது, வலி தருவது, உருவைக் கெடுப்பது, ஊனப்படுத்தக் கூடியது என்று அத்தீர்மானம் இதை வர்ணித்தது. நம் நாட்டிலும் தோல் மருத்துவர்கள் 2007ஆம் ஆண்டு முதல் சொரியாசிஸ் நோயாளிகளுக்கென ஒரு பதிவேடு வைத்து வருகிறார்கள். அதில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்தத் திட்டு வகைதான். மேலும், நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கு எவ்வளவோ, அதைவிட இப்பதிவேட்டில் நம் பங்கு அதிகம். ஆகவே இது யாரோ தூரத்து மனிதர்களின் நோய் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

மருந்தின் பிறப்பு

சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிக்கு அட்ரினல் என்று பெயர். நம் உடம்பே ஸ்டீராய்டை அங்கே தயாரிக்கிறது. அச்சுரப்பியின் சரக்கை ஆராய்ந்த கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் என்ற மூவருக்கு 1950ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1952இல் அமெரிக்காவின் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் நோய்க்குப் பலன் தருவதை வெளியிட்டார்கள். ஆயினும் தடித்த சொரியாசிஸ் திட்டுக்கு அதன் பலம் போதவில்லை. பின்னர் வந்த பீட்டாமெத்தசோன் போன்ற வலுவான மருந்துகளே இந்நோய்க்குக் கைகொடுத்தன. தேகப் பயிற்சிக்காரர் சிலர் சதை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வேண்டாம்.

இம்மருந்து திட்டின் அழற்சியைத் தணிக்கிறது. தோல் அவசரப்பட்டு வளர்வதை அடக்குகிறது. நோயை வேரோடு பிடுங்குவதில்லை. வேரோடு பிடுங்கும் மருந்து இதுவரை எதுவும் இல்லை. “ஒரே மாதத்தில் நிரந்தர குணம்” என்று விளம்பரம் செய்பவன் நம் பணப்பையைப் பார்த்துப் பேசுகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்

பூசும் ஸ்டீராய்டுகளை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். மென்மையானது ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம். நடுத்தரமானது குளோபெட்டசோன் 0.05 சதவீதம். வலுவானவை பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 சதவீதமும், மொமெட்டசோன் 0.1 சதவீதமும். மிக வலுவானது குளோபெட்டசால் 0.05 சதவீதம்.

கணக்குத் தெரிந்த கிராணிமார்களும் தடுக்கி விழும் இடம் இது. 1 பெரிதா, 0.05 பெரிதா என்று எண்ணைப் பார்த்தால் ஹைட்ரோகார்ட்டிசோன்தான் பெரிது. பலத்தைப் பார்த்தாலோ குளோபெட்டசால் அதைவிடப் பல மடங்கு வலியது. ஆகவே எண்ணை வைத்து எடை போடாதீர்கள். மருந்தின் பெயரைப் பாருங்கள். குளோபெட்டசோன், குளோபெட்டசால் என்ற இரண்டு பெயர்களும் காதில் ஒன்றுபோல் ஒலிக்கும். முதலாவது நடுத்தரம், இரண்டாவது உச்சம். கடைசி எழுத்து வரை படித்துப் பார்க்க வேண்டும்.

விரல் நுனி அளவு

“கொஞ்சமாகப் பூசு” என்று டாக்டர் சொல்கிறார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? இதற்கு ஓர் எளிய அளவு உண்டு. ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை மருந்தை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளங்கை அகலத் திட்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு உள்ளங்கை. ஒரு வேளைக்கு இரண்டு விரல் நுனி, அதாவது 1 கிராம். தினம் ஒரு வேளை பூசினால் 15 கிராம் டியூப் 15 நாள் வரும். அதே திட்டுக்கு டியூப் மூன்றே நாளில் தீர்ந்தால், அள்ளி அப்புகிறோம் என்று பொருள். தினமும் பூசியும் மூன்று மாதம் தீரவில்லையென்றால், மருந்தைக் காட்டிவிட்டு மூடிவைக்கிறோம் என்று பொருள். இரண்டும் தவறு.

சர்க்கார் கிளினிக்கில் மருந்தின் மேல் மலாயில் “சாப்பு” என்று எழுதியிருப்பார்கள். அதற்குப் “பூசு” என்பதே பொருள். “நிப்பிஸ்” என்றால் மெல்லியதாக. மலாய் படிக்காத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் கடமை.

தடித்து உலர்ந்த திட்டுக்குக் களிம்பு நல்லது. தலைமயிருக்குள் நீர்மருந்து சௌகரியம். செதில் கனமாக இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. அதற்கு முதலில் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தைக் கொடுத்துச் செதிலை இளக்குவார்கள். கிளினிக்கில் தரும் ஈரப்பசைக் களிம்பைத் தினமும் தடவ வேண்டும். அதற்கும் ஸ்டீராய்டுக்கும் இடையே அரை மணி நேரம் விடுங்கள். வாஸ்லின் போன்ற களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்படியிலும் சிகரெட்டிலும் ஜாக்கிரதை தேவை.

இடமும் காலமும்

நம் தொழிலை வைத்தே சொல்கிறேன். நல்ல பால்வெட்டுக்காரர் பட்டையை மெல்லச் சீவுவார். கட்டையைத் தொடாமல் ஒரு மெல்லிய பட்டை மிஞ்சும்படி வெட்டுவார். ஆசைப்பட்டு ஆழ வெட்டினால் மரத்தில் காயம் விழுந்து, புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். எத்திபோன் மருந்து தடவினால் பால் பெருகும். ஓய்வு கொடாமல் தடவிக்கொண்டே போனால் பட்டை வறண்டு மரம் பாலே தராது. இந்தக் களிம்பும் அப்படித்தான்.

முகம், அக்குள், தொடையிடுக்கு, மறைவிடம் ஆகியவற்றில் தோல் மெல்லியது. அங்கே வலுவான மருந்து கூடாது. மென்மையானதைச் சில நாள் மட்டும், அதுவும் டாக்டர் சொன்னால் பூசலாம். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் பூசினால் கண்ணில் அழுத்தம் ஏறவும் புரை விழவும் இடமுண்டு.

பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி கால வரம்பு கூறுகிறது. ஒரே இடத்தில் மிக வலுவான மருந்தை 4 வாரத்துக்கு மேலும், வலுவான மருந்தை 8 வாரத்துக்கு மேலும் தொடர்ந்து பூசக் கூடாது. பிறகு 4 வார ஓய்வு விட வேண்டும். ஓய்வுக் காலத்தில் கால்சிபோட்ரியால் போன்ற வைட்டமின் ‘டி’ வகைக் களிம்பு கொடுப்பார்கள். இவ்வகையையும் ஸ்டீராய்டையும் சேர்த்துப் பூசினால் தனித்தனியாகப் பூசுவதைவிடப் பலன் அதிகம் என்பதும் பல ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை.

எப்போது நிறுத்துவது? கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். தடவிப் பார்க்கும்போது மேடு இல்லாமல் சுற்றியுள்ள தோலோடு சமமாகிவிட்டதா? அழற்சி அடங்கிவிட்டது. அதன் பிறகும் நம் கறுத்த மேனியில் கருந்தழும்போ வெளிர்தழும்போ பல வாரம், சில மாதம் நிற்கும். அது நோய் விட்டுப்போன அடையாளம், தானே மங்கும். அந்த நிறத்தைப் போக்குகிறேன் என்று ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசுவதால்தான் நம்மவர் பலருக்குத் தோல் மெலிகிறது.

அளவு மீறினால் வரும் கெடுதல்களையும் மறைக்கக் கூடாது. தோல் காகிதம்போல் மெலியும்; கோடுகோடாக வெடிப்புத் தெரியும்; நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். உடம்பெங்கும் நெடுநாள் பூசினால் மருந்து இரத்தத்தில் கலந்து, அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். நெடுநாள் பூசியதைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். ஆகவே நிறுத்துவதும் டாக்டர் சொல்படி, படிப்படியாகத்தான்.

கடைத்தெரு ஆபத்து

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பேராக் தோட்டங்களில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. தோட்டத்து டிரசர்களுக்கென 1965இல் ஒரு பதிவுச் சட்டமே வந்தது. ஆனால் டிரசர் ஐயா இருந்த இடத்தில் இன்று யார் இருக்கிறார்? பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் பாதி டியூப் இருக்கிறது. சந்தையில் விற்கும் பெயரில்லாத டப்பா இருக்கிறது. ஊருக்குப் போய் வந்தவர் வாங்கி வந்த களிம்பு இருக்கிறது.

ஈரத்தில் உழைக்கும் நமக்குப் படர்தாமரை சகஜம். அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ மறைந்திருந்து உடம்பெங்கும் பரவும். இந்தியாவில் இந்தக் கொடுமை பெருகியதால்தான் அந்நாட்டுச் சர்க்கார் 2018இல் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்தது.

நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும், முகம் வெளுக்கும் கிரீம்களில் பீட்டாமெத்தசோன், பாதரசம் போன்றவை திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதாக அடிக்கடி எச்சரிக்கிறது. மூலிகை என்று சொல்லி விற்கும் மாத்திரைகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அகப்பட்டிருக்கிறது. சொரியாசிஸ் உள்ளவர் இதை விழுங்கினால் சில வாரம் தேகம் பளபளக்கும். நிறுத்தியதும் உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

நம் உரிமைகள்

பேராக்கில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே ஆயாக் கொட்டகையில் வேலை செய்த ஓர் அக்காவுக்கு முழங்கையில் இந்தத் திட்டு. பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று சிலர் முறையிட்டார்கள். விசாரணை இல்லாமல் அவரைக் களைக்கொல்லி அடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வெடித்த தோலின் மேல் விஷ மருந்து! தோல் டாக்டரிடமிருந்து “இது ஒட்டாத நோய்” என்று ஒரு கடிதம் வாங்கி நிர்வாகத்திடம் கொடுத்த பிறகுதான் அவர் பழைய வேலைக்குத் திரும்பினார். ஒரு துண்டுக் காகிதம் செய்த வேலை அது. முறையிட்ட தாய்மார்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இன்று நான் சொல்லிவிட்டேன்.

1955ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தின் 60எஃப் பிரிவை நினைவில் வையுங்கள். இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள், ஐந்து வருஷத்துக்குக் குறைந்ததற்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. எம்.சி. கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். வேலையில் பாரபட்சம் காட்டினால் தொழில் இலாகாவிடம் முறையிட 2023 ஜனவரி முதல் சட்டத்தில் இடமிருக்கிறது.

இன்னொன்று. பார்மிக் அமிலமும் அமோனியாவும் படும் கையில் வெடிப்பு வந்தால், அது சொரியாசிசாகவும் இருக்கலாம். தொழிலால் வந்த தோல் அழற்சியாகவும் இருக்கலாம். தொழிலால் வந்தது என்றால் சொக்சோவில் கோர வழியுண்டு. ஆகவே டாக்டரிடம் என்ன வேலை செய்கிறோம் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். சொரியாசிஸ் உள்ளவருக்குக் காயம் பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பும். கையுறை கேட்டு வாங்குவது ஆடம்பரம் அன்று.

செய்ய வேண்டியவை

கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். அங்கே காட்டுங்கள். திட்டு பத்து உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவினாலும், விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் மடங்க மறுத்தாலும், நகத்தில் குழி விழுந்தாலும் களிம்போடு நிற்காதீர்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ஒளிச் சிகிச்சையும் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. அவற்றில் மெத்தோட்ரெக்சேட் என்பது வாரம் ஒரு முறை மட்டும் விழுங்க வேண்டியது. தினமும் விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. இந்நோயாளிகளிடம் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாகக் காணப்படுவதால் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். மதுவும் புகையும் நோயை வளர்க்கும்.

தோழர்களே! டியூப்பை இரவல் கொடாதீர்கள், இரவல் வாங்காதீர்கள். பூசத் தொடங்கிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். கிராணிமார்களே, எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். சங்கக் கிளைகளே, உங்கள் தோட்டத்தில் கடைசியாக டாக்டர் வந்த நாள் எது என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். செதில் உதிரும் கையோடு ஒருவர் வந்து நின்றால், முதலில் அந்தக் கையைப் பற்றி வணக்கம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.